காபனைக் கணக்கிற் கொணர்ந்த லீபிக்

சேதன இரசாயனம் பயிலத் தொடங்கும் மாணாக்கர் திகைத்து நிற்கும் இடங்களுள் ஒன்று, காபனின் ஒட்சியேற்ற எண்ணைக் காணுமிடமாகும். இரும்புக்கு +2 அல்லது +3 என்றும், செப்புக்கு +1 அல்லது +2 என்றும் மனத்திற் பதித்துக்கொண்டு வருவோர்க்கு, காபன் −4 முதல் +4 வரை எப்படியிலும் நிற்கும் என்பது புதுமையாகவே இருக்கும். ஒரே மூலக்கூற்றில் ஒரு காபன் −3 ஆகவும், அதனைத் தொட்டு நிற்கும் மற்றொரு காபன் +3 ஆகவும் இருத்தல் கூடும் என்று ஆசிரியர் கூறும்போது, சிலர் அதனை நம்பாமலே எழுதிக்கொள்வர். இக்கணக்கின் விதிகள் இருபதாம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. ஆயினும் அவ்விதிகள் வேலை செய்வதற்கு வேண்டிய முதல், அதாவது ஒரு சேர்வையில் எத்தனை காபன், எத்தனை ஐதரசன், எத்தனை ஒட்சிசன் உள்ளன என்னும் தொகை, உலகுக்கு ஐயமறக் கிடைத்தது அதற்கு நூறாண்டு முன்னராகும். அதனைக் கிடைக்கச் செய்தவருட் தலையாயவர் சேர்மனி நாட்டு யுஸ்டுஸ் பொன் லீபிக். அவர் வாழ்க்கையை இக்கணக்கோடு சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையில் நாம் மேற்கொண்ட பணி.

லீபிக் என்றவுடன் நம் பழைய மாணவர் பலருக்கும் ஆய்வுகூடத்தில் நீரோடும் கண்ணாடி ஒடுக்கி நினைவுக்கு வரும். அது அவர் பெயரால் வழங்கினும் அவர் கண்ட கருவி அன்று. அவருக்கு முன்னரே பிறர் அதனை ஆக்கியிருந்தனர். அவர் உண்மையாகவே கண்ட கருவியை இன்று எவரும் கையாளுவதில்லை. புகழ் இடம் மாறிச் சென்றமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டுப் போலும்.

1803 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் நாள், எசன் நாட்டின் தலைநகராகிய டாம்ஸ்ரட்டில் லீபிக் பிறந்தார். தந்தையார் வண்ணங்களும் மருந்துச் சரக்குகளும் விற்கும் வணிகர். விற்பனவற்றுட் சிலவற்றைத் தாமே காய்ச்சி ஆக்குபவர். கடையின் பின்புறமே மைந்தருக்கு முதற் பாடசாலையாயிற்று. நகரச் சந்தைக்கு வந்த ஒருவன் வெடிக்கும் விளையாட்டுப் பொருள்களைச் செய்து விற்பதைச் சிறுவர் கூர்ந்து பார்த்து, அதன் வெடிமருந்தாகிய வெள்ளிப் பல்மினேற்றைத் தாமும் ஆக்கக் கற்றார். அரசரின் நூலகத்திலிருந்து இரசாயன நூல்களை ஒவ்வொன்றாக இரவல் பெற்றுப் படித்து, அவற்றிற் கண்ட சோதனைகளையெல்லாம் செய்து பார்த்தார். பள்ளியிலோ அவருக்குப் பெயர் இல்லை. மொழிப்பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. என்ன ஆகப்போகிறாய் என்று கேட்ட ஆசிரியருக்கு இரசாயனன் ஆவேன் என்று விடையிறுத்தபோது, வகுப்பு முழுவதும் நகைத்தது. அந்நாளில் அப்படியொரு தொழில் இருப்பதாக எவரும் அறியார். பள்ளிப் படிப்பை முடியாமலே விட்டு, எப்பன்ஹைம் என்னும் ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் தொழில் பழகச் சென்று, சில மாதங்களில் வீடு திரும்பினார். மேன்மாடத்தில் வெடி நிகழ்த்தியதால் அனுப்பப்பட்டார் என்பது வழங்கிவரும் கதை. தந்தையாரால் பயிற்சிப் பணம் செலுத்த இயலாமற் போனதே காரணம் என்பாரும் உளர். இரண்டாவதே நமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது.

பொன் நகரிலும் பின்னர் ஏர்லாங்கனிலும் அவர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றார். அங்கே கேட்ட விரிவுரைகள் இயற்கையைப் பற்றிய தத்துவப் பேச்சாக இருந்தனவேயன்றி, ஒரு கனிப்பொருளைப் பகுத்தாராயும் வழியை ஒருவரும் காட்டவில்லை. இக்குறையைப் பிற்காலத்தில் அவர் கசப்போடு நினைவுகூர்ந்தார். மாணாக்கர் கலகத்தில் ஈடுபட்டமையால் ஏர்லாங்கனை விட்டு நீங்க நேர்ந்தது. ஆசிரியர் காஸ்ட்னர் பரிந்துரைக்க, எசன் நாட்டரசர் பொருளுதவி புரிந்து 1822 இல் அவரைப் பாரிசுக்கு அனுப்பினார்.

பாரிசில் அவர் கண்டது வேறோர் உலகம். கேலுசாக், தெனார், டூலோங் ஆகியோர் விரிவுரைகளில் ஒவ்வொரு கூற்றும் அளவையோடும் எண்ணோடும் நின்றது. தாம் சிறுவயதிற் கற்ற பல்மினேற்றையே லீபிக் ஆராய்ந்து, 1823 இல் அறிவியற் கழகத்தின் முன் வைத்தார். அக்கூட்டத்திலிருந்த பேரறிஞர் ஹம்போல்ட் அவரைக் கேலுசாக்கிடம் சேர்ப்பித்தார். வேறெவரையும் எளிதில் அனுமதியாத தம் சொந்த ஆய்வுகூடத்தில் கேலுசாக் இவ்விளைஞரைச் சேர்த்துக்கொண்டார். ஒரு பகுப்பாய்வு நன்கு முடிந்த நாளில் ஆசிரியர் மாணாக்கரின் கைகளைப் பற்றிக்கொண்டு மேசையைச் சுற்றி நடனமாடினார் என்று லீபிக்கே சொல்லியிருக்கிறார். அவருடைய பிற்கால ஆய்வுகூடத்தின் வித்து அந்த மேசையருகே விழுந்தது.

ஹம்போல்ட்டின் பரிந்துரையின்மேல், 1824 இல், தமது 21 ஆம் வயதில், லீபிக் கீசன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். பல்கலைக்கழகத்தாரைக் கேளாமல் அரசர் செய்த நியமனமாதலின் அங்கிருந்தோர் முகங்கொடுக்கவில்லை. மறு ஆண்டிலேயே முழுப் பேராசிரியரானார். பழைய படைவீடு ஒன்றின் காவற்கூடம் ஆய்வுகூடமாக அளிக்கப்பட்டது. பொருள்கள் வாங்கத் தம் சம்பளத்தையே செலவிட்டார். அங்கே அவர் வகுத்த கல்விமுறை புதியது. பெயர் எழுதாத குப்பிகளில் இருப்பவற்றை மாணாக்கர் முதலிற் பண்பறிந்து கூறல் வேண்டும், பின்னர் அளவறிதல், அதன்பின் ஒவ்வொருவர்க்கும் தமக்கெனத் தனி ஆராய்ச்சி. பலர் கூடி ஒரே அறையில், ஒரே ஆசிரியரின் கண்ணின்கீழ், ஆராய்ச்சியையே கல்வியாகக் கொண்ட முறை இங்கிருந்துதான் பல நாடுகளுக்கும் பரவியது. நம் கல்லூரிகளில் மாணவர் மேசையருகே நின்று சோதனை செய்யும் வழக்கத்தின் முன்னோடியும் இதுவேயாகும்.

இனி, அவர் கண்ட கருவிக்கு வருவோம். ஒரு சேதனச் சேர்வையை எரித்தால் அதன் காபன் முழுவதும் காபனீரொட்சைட்டாகவும், ஐதரசன் முழுவதும் நீராகவும் வெளிவரும். இவ்வுண்மை லவுவாசியே காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. இடர்ப்பாடு அளப்பதில் இருந்தது. வாயுவை இரசத்தின் மேலே திரட்டி அதன் கனவளவை அளந்தனர். சிறிதளவு பொருளையே எரிக்க முடியும். சிறு பிழையும் பெரிதாகும். ஒரு பகுப்பாய்வுக்கே நாட்கள் பல கழியும். லீபிக் 1831 இல் வெளியிட்ட கருவியோ ஒரு கண்ணாடிக் குழாய்தான். முக்கோணமாக வளைக்கப்பட்டு, ஐந்து குமிழ்கள் ஊதப்பட்ட அக்குழாயில் பொற்றாசுக் காரக் கரைசல் இருக்கும். சேர்வையைச் செப்பு ஒட்சைட்டோடு கலந்து நீண்ட குழாயில் இட்டுக் கரியடுப்பிற் சுடுவர். வெளிவரும் நீராவியைக் கல்சியம் குளோரைட்டு நிறைந்த குழாய் உறிஞ்சும். காபனீரொட்சைட்டு ஐந்து குமிழ்களிலும் குமிழியிட்டுக் காரத்தில் அடங்கும். முடிவில் வாயால் மெல்ல உறிஞ்சி எஞ்சிய வாயுவையும் இழுத்துக்கொள்வர். முன்னும் பின்னும் இரு குழாய்களையும் தராசில் வைத்தால் விடை கிடைத்துவிடும். கனவளவு போய் நிறை வந்தது. கைதேர்ந்த சிலருக்கே கைகூடிய பகுப்பாய்வு, பழகிய மாணாக்கன் எவனும் செய்யக்கூடியதாயிற்று. அமெரிக்க இரசாயனக் கழகத்தின் இலச்சினையில் இன்றும் அக்குமிழ்க் குழாயைக் காணலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். மதுசாரம் எனப்படும் எதனோல் 0.46 கிராமை எரித்தால், காரக் குழாயின் நிறை 0.88 கிராமும், கல்சியம் குளோரைட்டுக் குழாயின் நிறை 0.54 கிராமும் கூடும். 0.88 கிராம் காபனீரொட்சைட்டில் காபன் 0.24 கிராம், 0.54 கிராம் நீரில் ஐதரசன் 0.06 கிராம். இரண்டையும் 0.46 இலிருந்து கழிக்க எஞ்சும் 0.16 கிராம் ஒட்சிசன். அணுநிறைகளால் வகுத்தால் காபன் இரண்டுக்கு ஐதரசன் ஆறு, ஒட்சிசன் ஒன்று என்ற விகிதம் வரும். லீபிக் காலத்து அணுநிறைகளும் சூத்திரங்களும் இன்றுள்ளவை போல்வன அல்ல. ஆயினும் தராசு சொன்ன செய்தி ஒன்றே.

இத்தராசே அவருக்கு ஒரு நண்பரையும் தேடித் தந்தது. லீபிக் ஆராய்ந்த வெள்ளிப் பல்மினேற்றின் அமைப்பும், வோலர் என்பவர் ஆராய்ந்த வெள்ளிச் சயனேற்றின் அமைப்பும் ஒன்றாக இருந்தன. முன்னது வெடிப்பது, பின்னது வெடியாதது. வோலர் பிழைசெய்தார் என்றே லீபிக் முதலிற் கருதினார். இருவரும் நேரிற் சந்தித்து, மீளவும் அளந்து, இருவர் அளவையும் சரியெனக் கண்டனர். ஒரே மூலகங்கள் ஒரே தொகையில் நின்றும் வேறு பொருளாதல் கூடும் என்ற உண்மை இவ்வாறு துலங்கிற்று. அதற்குப் பேர்சீலியசு 1830 இற் சூட்டிய பெயரையே நாம் சமபகுதியம் என வழங்குகிறோம். பகையாக முளைத்தது வாழ்நாள் நட்பாயிற்று. லீபிக் சினமுடையவர், எழுதுகோலை வாளாக வீசுபவர். வோலர் அமைதியே உருவானவர். இவ்விருவர் நட்பு நீடித்தமைக்கு வோலரின் பொறுமையே பெரிதும் காரணம் என்பது எம் துணிபு.

1832 இல் வோலரின் இளம் மனைவியார் இறந்தார். துயரில் ஆழ்ந்த நண்பரை லீபிக் கீசனுக்கு அழைத்துத் தம்மோடு வேலையில் அமர்த்தினார். அவ்வாறு இருவரும் ஆராய்ந்த பொருள் கசப்பு வாதுமை எண்ணெய், அதாவது இன்று நாம் பென்சல்டிகைட்டு என்பது. அதனைக் காற்றில் திறந்து வைத்தால் ஒட்சிசனை ஏற்று வெண்பளிங்காகப் பென்சோயிக்கமிலம் ஆகும். குளோரினைச் செலுத்தினால் பென்சோயில் குளோரைட்டு வரும். அதிலிருந்து அமைட்டு முதலிய பிறவும் வரும். இத்தனை மாற்றங்களிலும் காபன் ஏழு, ஐதரசன் ஐந்து, ஒட்சிசன் ஒன்று கொண்ட ஒரு கூட்டம் குலையாமல் ஓரணுப் போலவே இடம் மாறிச் சென்றதை அவர்கள் கண்டனர். துக்க வீட்டிற் பிறந்த இவ்வாராய்ச்சி சேதன இரசாயனத்துக்கு முதல் ஒழுங்கைத் தந்தது.

மூன்றாண்டு கழித்து, 1835 இல், நம் கணக்குக்கு நேரே உரிய கண்டுபிடிப்பு வந்தது. மதுசாரம் புளித்து அசற்றிக்கமிலம் ஆவது யாவரும் அறிந்தது. இடையில் மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள, எளிதில் ஆவியாகும் ஒரு நீர்மம் தோன்றுவதை டோபரைனர் என்பார் கவனித்திருந்தார். லீபிக் அதனை அமோனியாவோடு சேர்த்துப் பளிங்காக்கி, அப்பளிங்கிலிருந்து தூய நிலையில் மீட்டு, எரித்து அளந்தார். 0.44 கிராமுக்கு 0.88 கிராம் காபனீரொட்சைட்டும் 0.36 கிராம் நீரும் வரும் பொருள் அது. மதுசாரத்திலிருந்து இரண்டு ஐதரசன் நீங்கியுள்ளது. ஒட்சிசனோ கூடவில்லை, குறையவுமில்லை. ஐதரசன் நீங்கிய அற்ககோல் என்னும் இலத்தீன் தொடரைச் சுருக்கி, அல்டிகைட்டு என்று அதற்குப் பெயரிட்டார். மாணாக்கர் மனனம் செய்யும் அச்சொல் ஒரு பகுப்பாய்வின் முடிவுரையே என்பதைப் பலர் அறியார்.

இங்கே ஒரு புதிர் எழுகின்றது. ஒட்சியேற்றம் என்றால் ஒட்சிசன் ஏறுதல் என்பது பழைய பொருள். மதுசாரம் அல்டிகைட்டாகும்போது அதன் ஒட்சிசன் ஏறவில்லையே. அஃது ஒட்சியேற்றம் ஆவது எங்ஙனம்? லீபிக் காலத்தார் ஐதரசன் நீங்குதலையும் ஒட்சியேற்றமெனக் கொண்டு இதனைக் கடந்தனர். இரண்டும் ஏன் ஒன்றாகும் என்பதற்கு விடை அவர் காலத்தில் இல்லை. அதற்குக் காபனின் வலுவளவு தெரிதல் வேண்டும். இலத்திரன் தெரிதல் வேண்டும். எந்த அணு இலத்திரனை வலிமையாக இழுக்கும் என்பதும் தெரிதல் வேண்டும். இவற்றுள் முதலாவது அவருடைய மாணாக்கரிடமிருந்தே வந்தது. கட்டடக்கலை கற்கக் கீசனுக்கு வந்த கெக்குலே, லீபிக்கின் விரிவுரையைக் கேட்டு இரசாயனத்துக்கு மாறியவர்; காபன் நான்கு பிணைப்புடையது, காபனோடு காபன் சங்கிலியாகச் சேரும் என்று 1858 இல் எழுதினார். அதே ஆண்டிற் கூப்பர் என்ற ஸ்கொத்லாந்து இளைஞரும் தனியே அம்முடிபுக்கு வந்தார். 1852 இலேயே மூலகங்களின் சேரும் ஆற்றல் வரையறை உடையது என்று காட்டிய பிராங்லண்டும் கீசனிற் பயின்றவரே. இலத்திரனைத் தொம்சன் 1897 இற் கண்டார். பிணைப்பென்பது இரண்டு அணுக்கள் பகிர்ந்துகொள்ளும் ஓரிணை இலத்திரன் என்று லூயிஸ் 1916 இல் உரைத்தார். மின்னெதிர்த்தன்மைக்குப் போலிங் 1932 இல் எண் கொடுத்தார். அவர் வழியில் ஐதரசனுக்கு 2.20, காபனுக்கு 2.55, ஒட்சிசனுக்கு 3.44 என இன்று கொள்ளுகிறோம். இவையெல்லாம் சேர்ந்த பின்னரே கணக்கு எளிதாயிற்று.

விதி இதுதான். வேறுபட்ட இரண்டு அணுக்களிடையே உள்ள பிணைப்பின் இலத்திரன்களை, மின்னெதிர்த்தன்மை மிக்க அணுவுக்கே முழுவதும் உரிமையாக்குக. ஒரே மூலகத்தின் அணுக்களாயின் சமமாகப் பகிர்க. ஆகவே மின்னேற்றமில்லாத சாதாரண சேர்வைகளில், காபனுக்கு ஐதரசன் பிணைப்பு ஒவ்வொன்றும் −1. ஒட்சிசன், நைதரசன், குளோரின் ஆகியவற்றோடுள்ள பிணைப்பு ஒவ்வொன்றும் +1, இரட்டைப் பிணைப்பாயின் +2. காபனோடு காபன் பிணைப்புக்குச் சுழியம். மதுசாரத்தில் மூன்று ஐதரசன் உடைய காபன் −3. மற்றைய காபனுக்கு ஐதரசன் இரண்டும் ஒட்சிசன் ஒன்றும் உள, எனவே −1. அல்டிகைட்டில் அக்காபன் ஓர் ஐதரசனையும் இரட்டைப் பிணைப்பிலுள்ள ஒட்சிசனையும் கொண்டது, எனவே +1. அசற்றிக்கமிலத்தில் இரட்டைப் பிணைப்பு ஒட்சிசன் ஒன்று, ஒற்றைப் பிணைப்பு ஒட்சிசன் ஒன்று, எனவே +3. மூன்று ஐதரசன் உடைய காபனோ மூன்று பொருள்களிலும் −3 ஆகவே இருந்துவிடும். −1, +1, +3 என இரண்டிரண்டாக ஏறும் இப்படியில், முதல் ஏற்றத்தில் ஐதரசன் நீங்குகிறது. இரண்டாவது ஏற்றத்தில் ஒட்சிசன் சேருகிறது. காபன் இழந்த இலத்திரன் இரண்டிடத்தும் இரண்டே. லீபிக் காலத்துப் புதிர் இங்கே அவிழ்கின்றது.

தேர்வு எழுதும் மாணாக்கர் ஓரிடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். சூத்திரத்தை மட்டும் வைத்து, ஐதரசனை +1 எனவும் ஒட்சிசனை −2 எனவும் கொண்டு காபனின் எண்ணைக் காண்பது விரைவான வழி. அவ்வழியில் மதுசாரத்துக் காபன் −2, அல்டிகைட்டுக் காபன் −1, அசற்றிக்கமிலக் காபன் 0 என வரும். இவை சராசரி, பொய்யல்ல. ஆனால் அசற்றிக்கமிலத்தில் 0 என்ற எண்ணையுடைய காபன் ஒன்றுகூட இல்லை. −3 உம் +3 உம் சேர்ந்து 0 ஆயின. எரிப்பதற்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்று கேட்டாற் சராசரியே போதும். மதுசாரத்தின் இரு காபன்களும் −2 இலிருந்து +4 க்கு ஏற 12 இலத்திரன்கள் நீங்கவேண்டும். ஓர் ஒட்சிசன் மூலக்கூறு நான்கை ஏற்கும். ஆகவே மூன்று மூலக்கூறுகள் வேண்டும். எந்தக் காபன் மாறியது என்று கேட்டாலோ கட்டமைப்பை வரையாமல் விடை இல்லை.

பென்சோயில் குடும்பத்துக்கும் இவ்விதி ஒளி தருகிறது. பென்சோயிக்கமிலம், அதன் குளோரைட்டு, அதன் அமைட்டு மூன்றிலும் அந்த ஒரு காபன் +3 ஆகவே இருக்கக் காணலாம். ஆகவே ஒன்று மற்றொன்றாவது ஒட்சியேற்றமுமன்று, தாழ்த்தலுமன்று. கசப்பு வாதுமை எண்ணெய் மட்டும் +1. கனிசாரோ 1853 இல் அவ்வெண்ணெயைக் காரத்தோடு வினைப்படுத்தியபோது, ஒரு மூலக்கூறு +3 ஆகி அமிலமாகவும், மற்றொன்று −1 ஆகி அற்ககோலாகவும் பிரிந்தன. ஒன்று இழந்ததை மற்றொன்று பெற்றது.

இவ்வெண்கள் உண்மையான மின்னேற்றங்களோ என்ற ஐயம் எழும். அல்ல என்பதற்கு லீபிக்கின் காலத்துப் பெரும் பூசலே சான்று. அசற்றிக்கமிலத்தின் மூன்று ஐதரசனையும் நீக்கி, அவ்விடங்களிற் குளோரினை அமர்த்தினார் பிரான்சு நாட்டு டூமா. வந்த பொருளும் அமிலமே. பண்பிலும் பழையதை ஒத்திருந்தது. நேரேற்றமுள்ள ஐதரசனின் இடத்தில் எதிரேற்றமுள்ள குளோரின் அமர்தல் இயலாது என்பது பேர்சீலியசின் கொள்கை. லீபிக்கின் இதழிலேயே 1840 இல் ஓர் அங்கதக் கடிதம் புனைபெயரில் வெளிவந்தது. ஓர் உப்பின் அணுக்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குளோரினால் மாற்றி, முடிவில் வெறுங் குளோரினே எஞ்சியும் உப்பின் பண்பு மாறவில்லை என்று அது டூமாவை எள்ளியது. எழுதியவர் அமைதியே உருவானவர் என்று மேலே நாம் கூறிய வோலர்தாம். நகைப்பு நன்றாயினும் உண்மை டூமாவின் பக்கமே இருந்தது. நம் கணக்கின்படி அக்காபன் −3 இலிருந்து +3 க்கு ஏறிவிட்டது. ஆறு படி ஏறியும் பொருள் அமிலமாகவே இருப்பதனால், ஒட்சியேற்ற எண் இலத்திரன்களை யார் பெயரில் எழுதுவது என்ற பற்றுவரவே என்பது விளங்கும். அனைத்துலக இரசாயன ஒன்றியம் 2016 இல் வெளியிட்ட வரைவிலக்கணமும், பிணைப்புக்களை முழுமையான அயன் பிணைப்பாகக் கற்பித்துக்கொண்டாற் கிடைக்கும் ஏற்றம் என்றே இதனைச் சொல்லுகிறது.

லீபிக் எழுதிய விவசாய இரசாயன நூல் 1840 இல் வெளிவந்து அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. அதனைப் பற்றிப் பலர் எழுதியுள்ளமையின் நாம் விரிக்கவில்லை. 1842 இல் வந்த விலங்கு இரசாயன நூல் நம் பொருளுக்கு அணித்தானது. உடம்பிலுள்ள கொழுப்பு உணவிலிருந்த கொழுப்பே என்று டூமாவும் பூசிங்கோவும் வாதித்தனர். மாப்பொருளிலிருந்தே விலங்கு கொழுப்பை ஆக்கும், அவ்வாறு ஆக்குங்கால் மாப்பொருளின் ஒட்சிசன் நீங்குகிறது என்று லீபிக் பகுப்பாய்வு எண்களைக்கொண்டு மறுத்தார். சருக்கரையிற் காபனின் சராசரி எண் 0. கொழுப்பிலிருந்து பெறப்படும் பாமிற்றிக்கமிலத்தில் அது −1.75. மாப்பொருள் கொழுப்பாவது தாழ்த்தல் என்பதை இவ்வெண்கள் ஒரே பார்வையிற் காட்டுகின்றன. பின்னர்ப் பூசிங்கோவின் சொந்தச் சோதனைகளே லீபிக்கின் கூற்றை மெய்ப்பித்தன. ஆயினும் அந்நூலால் ஓர் இழப்பும் நேர்ந்தது. அதனை அவர் தாம் தந்தைபோற் போற்றிய பேர்சீலியசுக்கே உரிமையாக்கியிருந்தார். சோதனையின்றிக் காகிதத்தில் வரைந்த உடலியல் என்று முதியவர் அதனைக் கண்டித்தார். லீபிக் பொறுக்கவில்லை. அந்நட்பு முறிந்து, மீளவும் ஒட்டவில்லை.

நொதித்தலைப் பற்றிய வழக்கிலோ அவர் நெடுங்காலம் பிழையான பக்கம் நின்றார். சருக்கரை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகிறது. ஆறு காபன்களின் தொகை 0. மதுசாரத்துக்குச் சென்ற நான்கு காபன்களுக்கு −8. வாயுவாகச் சென்ற இரண்டுக்கு +8. கணக்கு ஈடாகிவிட்டது. இதற்கு உயிர் எதற்கு, சிதையும் பொருளின் அசைவே போதும் என்பது லீபிக்கின் கொள்கை. மதுவம் உயிருள்ளது, அதன் வாழ்வே நொதித்தல் என்று பாஸ்தர் காட்டிய பின்னும் அவர் முழுவதும் இணங்கவில்லை. மதுவத்தை அரைத்துப் பிழிந்த, உயிரணுவற்ற சாறே சருக்கரையை நொதிக்கச் செய்யும் என்பதைப் புக்னர் 1897 இற் கண்டார். உயிர் வேண்டும் என்ற பாஸ்தரும், இரசாயனமே போதும் என்ற லீபிக்கும் அதைக் காண இருக்கவில்லை.

1852 இல் பவேரிய அரசரின் அழைப்பை ஏற்று, 28 ஆண்டு வாழ்ந்த கீசனை நீங்கி மியூனிக் நகர் சென்றார். மாணாக்கரை ஆய்வுகூடத்திற் பயிற்றும் கடமையிலிருந்து விடுதலை வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. உடல் தளர்ந்திருந்தது. அங்கே 1853 இல் அரச குடும்பத்தார் முன் காபனிருசல்பைட்டைக்கொண்டு அவர் காட்டிய சோதனை வெடித்துச் சிலருக்குக் காயம் உண்டாக்கிற்று, அவரும் காயமுற்றார். காபனுக்கும் கந்தகத்துக்கும் மின்னெதிர்த்தன்மை ஏறத்தாழ ஒன்றேயாக இருந்தும், அச்சேர்வையின் காபனை நாம் +4 என்றே எழுதுகிறோம் என்பதையும் மாணாக்கர் இவ்விடத்திற் குறித்துக்கொள்க.

அல்டிகைட்டை வெள்ளி நைத்திரேற்றும் அமோனியாவும் கலந்த கரைசலோடு சூடாக்கினால், குழாயின் உட்புறம் ஒளிரும் வெள்ளிப் பூச்சாகும் என்பதை லீபிக் 1835 இலேயே குறித்திருந்தார். இன்று தொலனின் சோதனை என நாம் செய்வது இதுவே. காபன் +1 இலிருந்து +3 க்கு ஏறுங்கால் விடும் இரண்டு இலத்திரன்களை இரண்டு வெள்ளி அயன்கள் ஒவ்வொன்றாக ஏற்று உலோகமாகப் படிகின்றன. அந்நாளில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் தகரமும் இரசமும் பூசிச் செய்யப்பட்டன. இரச ஆவியால் அத்தொழிலாளர் நடுக்கமுற்று, பல் உதிர்ந்து, இளமையிலே மடிந்தனர். மியூனிக்கில் லீபிக் தம் பழைய குறிப்பை மீண்டும் எடுத்து, அல்டிகைட்டுக் கூட்டம் உடைய சருக்கரையைக்கொண்டு குளிர்ந்த நிலையிலேயே கண்ணாடியில் வெள்ளி பூசும் முறையை 1856 இல் வெளியிட்டார். அவ்வாண்டே ஸ்டைன்ஹைல் அம்முறையால் தொலைநோக்கிக்கு ஆடி செய்தார். முகக் கண்ணாடி வணிகத்திலோ அது லீபிக்கின் வாழ்நாளில் வெற்றி பெறவில்லை. இரசக் கண்ணாடியிற் பழகிய மக்களுக்கு வெள்ளிக் கண்ணாடியில் முகம் மஞ்சளாகத் தோன்றியது என்பர். இரசக் கண்ணாடித் தொழில் ஒழிந்தது அவர் மறைந்த பின்னரேயாகும்.

1873 ஆம் ஆண்டு ஏப்பிரல் 18 ஆம் நாள் லீபிக் மியூனிக்கிற் காலமானார். வோலர் 1882 வரை இருந்தார். இருவரும் நாற்பதாண்டுக்கு மேல் எழுதிக்கொண்ட கடிதங்களை, கீசனிற் பயின்ற ஒப்மன் 1888 இற் பதிப்பித்தார். பழைய படைவீட்டிலிருந்த கீசன் ஆய்வுகூடம் 1920 முதல் அரும்பொருட்சாலையாக இருந்துவருகின்றது. கரியடுப்பும், தராசும், ஐந்து குமிழ்க் குழாயும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.